மருந்து கொடுக்காமல் வீட்டுக் கதை கேட்கிறார்களே, எதற்கு?

கேள்வி: மேடம், எங்கள் மகனுக்கு ஆறு வயது. காய்ச்சல் விடவே இல்லை, காலிலும் முதுகிலும் அங்கங்கே நீலத் திட்டு என்று பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். சிகிச்சை இரண்டு வருடத்துக்கு மேல் போகுமாம். முதல் நாளே டாக்டர், "இந்தத் திட்டு எப்படி வந்தது, யாராவது அடித்தார்களா?" என்று கேட்டார். மூன்றாம் நாள் ஒரு அம்மா வந்தார். மருத்துவ சமூகப் பணியாளர் என்று சொல்லிக்கொண்டு, சம்பளம் எவ்வளவு, வீட்டில் யார் யார், லீவு கிடைக்குமா, எங்கள் இருவருக்குள் ஒத்துப்போகிறதா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனார். எங்கள் மேல் ஏதாவது சந்தேகமா? மனைவி அவரிடம் மனம்விட்டுப் பேசலாம் என்கிறாள். வீட்டு விஷயம் வீட்டோடு இருக்க வேண்டும் என்பவன் நான், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உங்களிடம் மறைக்கவில்லை, மனைவிக்குத் தெரியாமல் கடன் வாங்கியிருக்கிறேன். வேலையில் பையனுக்கு டைபாய்டு என்று சொல்லி எடுத்த லீவு முடியப் போகிறது. பத்து வயது மகள் பாட்டி வீட்டில் இருக்கிறாள், போனில்கூடப் பேச மாட்டேன் என்கிறாள். சின்னவனிடம் வெறும் காய்ச்சல் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். அந்த அம்மா திங்கட்கிழமை மறுபடி வருவாராம். என்ன செய்வது?

பதில்:

தம்பி என்று கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த அம்மா பார்க்கும் அதே வேலையைக் குழந்தைகள் வார்டில் இருபத்திரண்டு வருடம் பார்த்தவள் நான். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே போன் வந்த மாதிரி எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்ட அப்பாக்கள் எத்தனையோ பேர், அதனால் உங்கள் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தின் கடைசி நாலைந்து வரி இருக்கிறதே, கடன், லீவு, மகள், சின்னவனிடம் சொன்ன பொய், அன்றைக்கு அந்த அம்மா தேடி வந்தது அதைத்தான். முன்பின் தெரியாத எனக்கு எழுதிவிட்டீர்கள், கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவரிடம் சொல்ல வாய் வரவில்லை. முகம் தெரியாத ஆளிடம் கொட்டுவது எப்போதும் சுலபம். ஆனால் இங்கே உட்கார்ந்திருக்கிற என்னால் உங்களுக்காக ஒரு தாளில் கையெழுத்துக்கூடப் போட முடியாது, அவரால் முடியும்.

சந்தேகம் பற்றிக் கேட்டீர்கள். டாக்டரின் நீலத் திட்டுக் கேள்விக்கும் இந்த அம்மா வந்ததற்கும் நீங்களாகவே முடிச்சுப் போட்டுவிட்டீர்கள். இந்த நோயில் எலும்பு மஜ்ஜையை நோய் அணுக்கள் அடைத்துக்கொள்வதால் ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டுகள் குறைந்துபோகும், லேசாக இடித்தாலே ரத்தம் கட்டும், இடிக்காமலே கூடக் கட்டும். முதல் நாள் டாக்டருக்கு அது தெரியாது. விழுந்தானா, ரத்தம் உறையாத நோயா, யாராவது அடித்தார்களா, எல்லாமே அவர் மனதில் ஓடியிருக்கும், ஓடத்தான் வேண்டும். 1962இல் ஹென்றி கெம்பே என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் சக மருத்துவர்களும், வீட்டில் அடிபட்ட குழந்தைகள் 'விழுந்துவிட்டான்' என்ற பெயரில் மருத்துவமனைக்கு வந்து போவதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதுதான் தப்பு என்று ஆகிவிட்டது. நல்ல அப்பா, கெட்ட அப்பா என்று நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது? எல்லோரையும் கேட்கிறார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோதே அந்தத் திட்டுக்கான காரணமும் கிடைத்துவிட்டது. சமூகப் பணியாளர் வந்தது வேறு காரணத்துக்கு. புற்றுநோய் வார்டில் புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு குடும்பத்தையும் போய்ப் பார்ப்பது எங்கள் வேலை. பக்கத்துக் கட்டில்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களிடமும் இதே கேள்விகள்தான் கேட்டிருப்பார்.

ஆனால் சம்பளக் கேள்வி உங்களுக்கு உறுத்தியதே, அதில் கொஞ்சம் வரலாற்று நியாயம் இருக்கிறது, எங்கள் தொழிலின் பழைய குட்டு என்றுகூடச் சொல்லலாம். 1895இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டீவர்ட் என்ற பெண்மணியை இந்த மாதிரி வேலைக்கு முதன்முதலில் வைத்தார்கள். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? காசு கொடுக்க வசதி இருந்தும் இலவச சிகிச்சைக்கு வந்து நிற்பவர்களைப் பிடிக்க! அதாவது உங்கள் பயம் கிட்டத்தட்ட மேரி ஸ்டீவர்ட்டின் வேலை விவரம். ஆனால் வந்தவர்களிடம் பேசப் பேச, ஏமாற்றுகிறவர்களைவிட, மருந்துச் சீட்டு கையில் இருந்தும் அதில் எழுதியபடி செய்ய வழியில்லாதவர்களே அதிகம் என்று தெரிந்தது, வேலையும் மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது. பத்து வருடம் கழித்து, 1905இல், பாஸ்டனில் ரிச்சர்ட் கேபட் என்ற டாக்டர் இன்னொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்தார். ஓய்வெடு, சத்தாகச் சாப்பிடு, காற்றோட்டமான வீட்டில் இரு என்று எழுதிக் கொடுத்து அனுப்புகிறோம், ஒற்றை அறையில் ஏழு பேர் இருக்கும் வீட்டுக்குப் போய் அவர் என்ன செய்வார் என்று யோசித்தவர், ஒரு நர்ஸை அதற்கென்றே நியமித்தார். அந்த நர்ஸுக்குக் கிடைத்தது புறநோயாளிப் பிரிவு நடையில் ஒரு மூலையும் ஒரு மேசையும். இன்றைக்கும் நிறைய இடங்களில் எங்களுக்குக் கிடைப்பது அதே மூலைதான், அது வேறு கதை.

இப்போது எதற்கு இதெல்லாம் கேட்கிறார்கள் என்று வருவோம். உங்கள் பையனுக்கு வந்திருப்பது, இந்த வயதில் மிகப் பரவலாக வரும் வகையாக இருந்தால், முதல் சில மாதங்கள் ஆஸ்பத்திரியிலேயே கழியும், அதற்குப் பிறகு பெரும்பகுதி சிகிச்சை உங்கள் வீட்டில்தான் நடக்கும். தினமும் ஒரு மாத்திரை, வாரத்துக்கு ஒருநாள் இன்னொரு மாத்திரை, இடையிடையே பரிசோதனை, ஊசி. பையன் பார்க்க நன்றாக இருப்பான், ஓடுவான், விளையாடுவான். அந்தச் சமயத்தில்தான் மாத்திரை தவறும். அமெரிக்காவில் 2012இல் வெளிவந்த ஒரு ஆய்வில், அந்தத் தினசரி மாத்திரையில் 95 சதவீதத்துக்குக் குறைவாக எடுத்த குழந்தைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து கூடியிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், மாதத்துக்கு இரண்டு நாள் தவறினாலே அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடுகிறீர்கள். மாத்திரை ஏன் தவறுகிறது என்பதை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாது. அப்பாவுக்கு இரவு வேலை, அம்மா அசதியில் தூங்கிவிட்டார், பாட்டிக்கு இது சத்து மாத்திரை என்று நினைப்பு, புதுச் சீட்டு வாங்கப் போக அந்த வாரம் காசில்லை. இவ்வளவுதான் காரணங்கள். அதனால்தான் சம்பளம் எவ்வளவு, வீட்டில் யார் யார், இரவில் யார் இருப்பார்கள் என்று கேட்கிறோம்.

பிரேசிலில் ரெசிஃபே என்ற நகரம், வசதி குறைந்த பகுதி. 1980களில் அங்கே இந்த நோய்க்குச் சிகிச்சை தொடங்கிய குழந்தைகளில் 16 சதவீதம் பேர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். பிறகு குழந்தைகள் புற்றுநோய்க்கென்று தனிப் பிரிவு வந்தது, அதோடு தங்க இடம், வந்துபோக உதவி, குடும்பத்தை விடாமல் பின்தொடர்வதற்கு ஆட்கள் எல்லாம் வந்தன. இருபது வருடத்துக்குள் அந்த எண்ணிக்கை 1 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. பாதியில் நிற்கிற குடும்பம் எதுவும் பிள்ளை மேல் பாசம் இல்லாமல் நிற்பதில்லை தம்பி, கடைசிவரை 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே இருந்து ஒருநாள் வராமல் போய்விடுவார்கள். நாங்கள் ரொம்பப் பயப்படும் வாக்கியம் அது.

நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடமோ நான்காவது வருடமோ. ஒரு அப்பா, மகளைத் தனியாக வளர்ப்பவர், எப்போது வந்தாலும் மாத்திரைக் கணக்கு உதைக்கும். வாரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டிய மாத்திரை சீக்கிரம் தீர்ந்திருக்கும், தினசரி மாத்திரை மிச்சம் இருக்கும். வார மாத்திரையைத் தினமும் கொடுத்தால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து, அவ்வளவு கடுமையான மருந்து. வாயெல்லாம் புண்ணாகி அந்தப் பெண் ஒருமுறை அட்மிட் ஆனாள். நானும் கோபத்தில் அவர் ஃபைலில் 'அலட்சியம்' என்று எழுதினேன். மூன்று மாதம் கழித்து வார்டில் ஒரு ஆயா, போகிற போக்கில், "அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாதும்மா, வழிப் பலகையைக்கூட என்கிட்டதான் கேட்பார்" என்றார். நாங்கள் கொடுத்த அட்டவணையை ஒவ்வொரு முறையும் வாங்கிப் பார்த்து, தலையாட்டி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார் மனிதர். வெட்கம். அவர் சொல்லவில்லை என்பது இருக்கட்டும், சொல்ல முடிகிற மாதிரி நான் கேட்டேனா? 'புரிந்ததா?' என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள். அப்புறம் வார மாத்திரைப் பெட்டிக்குச் சிவப்புத் துணி சுற்றினோம், காலண்டரில் ஒரே ஒரு கிழமைக்கு மட்டும் சிவப்புப் பொட்டு வைத்தோம், அதற்குப் பிறகு ஒரு மாத்திரை மாறவில்லை. அந்த ஃபைலில் நான் எழுதிய வார்த்தையை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன், இருந்தாலும் அடித்த கோட்டுக்குக் கீழே அந்த வார்த்தை தெரியத்தான் செய்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

வேலை. டைபாய்டு என்று சொன்னது அந்த நேரத்துப் பதற்றம், புரிகிறது. ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் டைபாய்டு ஓடாது. திங்கட்கிழமை அந்த அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள், ஏனென்றால் தள்ளிப்போட முடியாதது இதுதான். நோய் என்ன, சிகிச்சை எவ்வளவு காலம், எந்த மாதங்களில் அடிக்கடி வர வேண்டியிருக்கும் என்று மருத்துவமனை தலைப்பில் ஒரு கடிதம் தயார்செய்து டாக்டரிடம் கையெழுத்து வாங்கித் தருவது எங்களுக்கு அன்றாட வேலை. நோயின் பெயரைப் போடாமல், 'நீண்டகாலச் சிகிச்சை' என்று மட்டும் எழுதவும் கேட்கலாம். ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு தங்குகிற பெற்றோருக்கு அதனால் வருமானம் போகக் கூடாது என்று 1988இல் ஐரோப்பாவில், லெய்டன் நகரில் கூடி எழுதிய மருத்துவமனைக் குழந்தைகள் சாசனத்திலேயே இருக்கிறது. சாசனம் எழுதினால் சம்பளம் வந்துவிடாது, தெரியும். ஆனால் நீங்கள் கேட்கப்போவது சலுகைப் பிச்சை அல்ல என்பது உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும், அதற்காகச் சொன்னேன்.

கடன். இதில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். வாங்கியதைக் குறை சொல்லவில்லை, யாராக இருந்தாலும் வாங்கியிருப்பார்கள். மனைவிக்குத் தெரியாமல் என்பதுதான் இடிக்கிறது. மருந்துக்கு, பரிசோதனைக்கு, போக்குவரத்துக்கு, தங்குவதற்கு எந்த நிதி, எந்த அறக்கட்டளை, எந்த அரசு உதவி கிடைக்கும் என்று பார்த்து விண்ணப்பம் போடுவது சமூகப் பணியாளரின் வேலை. அதில் பல, செலவு செய்து முடித்த பிறகு கேட்டால் கிடைக்காது, முன்கூட்டியே போட வேண்டும். நீங்கள் வசதியானவர் என்று அவர் எழுதி வைத்திருந்தால் அந்த விண்ணப்பம் எதுவும் நகராது, நீங்கள் வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். குழந்தைப் புற்றுநோய்க் குடும்பங்களின் மனநலம், வாழ்க்கைநிலை பற்றி 2015இல் வெளியான பதினைந்து தரநிலைகளில், குடும்பத்துக்குப் பணக் கஷ்டம் வருமா என்று கேட்டறிவதும் தனியாக ஒன்று. அந்தக் கேள்வி உங்கள் அந்தஸ்தை அளப்பதற்கு இல்லை, தம்பி. மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று திகைத்தால் அந்த அம்மாவை வைத்துக்கொண்டே சொல்லுங்கள், அதற்கும் ஒரு அறை இருக்கும். ஒரு சண்டை வரும். வரட்டும். மருந்துச் சீட்டும் கையுமாகப் பாதி வழியில் நிற்கும்போது வருகிற சண்டையைவிட இது சின்னது. ஒத்துப்போகிறதா என்று அவர் கேட்டதும் சும்மா இல்லை, இந்த மாதிரி காலத்தில் கட்டில் பக்கம் மாறி மாறி உட்காரும் இருவர் வாரக்கணக்கில் ஒருவரோடொருவர் பேசாமலே இருந்துவிடுவதை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம்.

சின்னவன். 'வெறும் காய்ச்சல்' ரொம்ப நாள் தாங்காது. தலைமுடி கொட்டும், பக்கத்துக் கட்டில் பையன் ஏதாவது சொல்லுவான், ஆறு வயசுக் காது எல்லாவற்றையும் கேட்கும். இந்த வயதில் குழந்தைகளுக்கு இன்னொரு பயமும் உண்டு, தான் செய்த ஏதோ ஒரு குறும்புக்காகத்தான் இந்த ஊசி என்று நினைத்துக்கொள்வார்கள், கேட்டால் சொல்லவும் மாட்டார்கள். "உன் ரத்தத்துக்குள்ளே நோய் வந்திருக்கு, அதுக்குப் பேர் இது, நீ எதுவும் தப்பு செய்யலை, யார்கிட்டேயிருந்தும் ஒட்டிக்கலை, இதைச் சரி பண்ணத்தான் இந்த மருந்து, சில நாள் வலிக்கும், அப்போ நாங்க பக்கத்திலேயே இருப்போம்." இவ்வளவு போதும். வலிக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள், ஒருதரம் வலித்துவிட்டால் அப்புறம் நீங்கள் சொல்வது எதையும் நம்ப மாட்டான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் அந்த அம்மாவையோ, வார்டில் விளையாட்டுச் சிகிச்சையாளர் இருந்தால் அவரையோ கூட வைத்துக்கொள்ளுங்கள், பொம்மைக்கு ஊசி போட்டுக் காட்டியே பாதியைப் புரியவைத்துவிடுவார்கள். பள்ளி விட்டுப்போகாமல் இருக்க ஆசிரியரோடு பேசுவது, திரும்பப் போகும்போது வகுப்புப் பிள்ளைகள் என்ன கேட்பார்கள் என்று அவனைத் தயார்ப்படுத்துவது, இதெல்லாமும் எங்கள் தலையில்தான். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

எங்களால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். வரிசையில் முன்னால் தள்ளிவிட முடியாது, டாக்டர் சொன்னதை மாற்ற முடியாது, பணத்தை உண்டாக்க முடியாது. பல இடங்களில் நாலு வார்டுக்கு ஒருவர்தான் இருப்பார், அவசரமாகப் பேசுவார், அன்றைக்கு உங்களிடம் வரிசையாகக் கேட்டுவிட்டுப் போனதும் அந்த அவசரமாக இருக்கலாம். அந்த ரகக் கேள்விகளைக் குழந்தையின் கட்டில் பக்கம் நின்று கேட்டிருந்தால் அது அவர் தப்புதான், "தனியாக உட்கார்ந்து பேசலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். என்ன எழுதுகிறீர்கள், யாரெல்லாம் படிப்பார்கள் என்றும் கேளுங்கள். சிகிச்சைக் குழுவுக்குத் தேவைப்படுவது கேஸ் ஷீட்டில் போகும், உங்கள் கடன்காரர் பெயரெல்லாம் போக வேண்டிய அவசியமில்லை, 'இது உங்களோடு இருக்கட்டும்' என்று சொன்னால் மதிப்பார்கள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாய்மூடி இருக்க மாட்டோம், ஒரு குழந்தையின் பாதுகாப்புக்கோ வேறு யாராவது உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மேலே சொல்லியே ஆக வேண்டும். நல்ல பணியாளர் இதை முதலிலேயே சொல்லிவிடுவார். ஆளே பிடிக்கவில்லை என்றால் வேறொருவரைக் கேட்பதிலும் தப்பில்லை, கேட்டதற்காகப் பையனின் மருந்தில் யாரும் குறைவைக்க மாட்டார்கள்.

மகளைக் கடைசியில் வைத்தேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உறுத்தியது அவள்தான். பத்து வயது. ஒருநாள் திடீரென்று அம்மா, அப்பா, தம்பி மூன்று பேரும் காணாமல் போய்விட்டார்கள், தன்னைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டார்கள், போன் வந்தால் தம்பி எப்படி இருக்கிறான் என்றுதான் பேச்சு. கோபமாக இருப்பாள். தம்பியோடு சண்டை போட்டபோது 'செத்துப் போ' என்று எப்போதாவது சொல்லியிருந்தால் அதை நினைத்துப் பயந்துகொண்டும் இருப்பாள், இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை, பல அக்காக்கள் என்னிடம் சொன்னது. கூடப் பிறந்தவர்களைக் கவனிப்பதும் நான் சொன்ன அந்தப் பதினைந்தில் ஒன்று. அவளைப் பற்றி அந்த அம்மா கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்லுங்கள். அவள் பள்ளியில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அவர் பேசுவார்.

அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். தம்பி கையில் குழாய் இருக்கும், முகம் உப்பியிருக்கலாம், முடி இருக்காது என்று வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், நோயின் பெயரையும் சொல்லுங்கள். அவள் வந்த அன்று உங்களில் ஒருவர் ஒரு மணி நேரமாவது வார்டுக்கு வெளியே அவளோடு மட்டும் உட்காருங்கள், அந்த நேரத்தில் தம்பி பேச்சை அவளாக எடுத்தால் ஒழிய நீங்கள் எடுக்க வேண்டாம். ஒன்று மட்டும், அவளுக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தாலும், அவள் வகுப்பில் யாருக்காவது சின்னம்மை வந்திருந்தாலும், கிளம்புவதற்கு முன்னால் வார்டு நர்ஸுக்குப் போன் செய்து கேட்டுவிட்டு வாருங்கள். வேண்டாம் என்று சொன்னால் அந்தக் காரணத்தை அப்படியே அவளிடம் சொல்லி, அடுத்து எந்தக் கிழமை வரலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.